உப்பும் வரியும்

கடல் நீர் வற்றிய இடமெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கும் இராமநாதபுரம் கரையிலே, வரி செலுத்தாது அவ்வுப்பை எடுத்தல் ஒரு காலத்தில் குற்றமாயிருந்தது என்பதை நேயர்கள் மறந்திரார்.

1886-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டம் விவசாய வருமானத்தை விலக்கி வைத்தது. ஆகவே ஜமீன்தாரின் நில வருமானத்துக்கு அவ்வரி இல்லை. இராமேசுவரத்தில் வலை வீசிய ஏழையோ தன் கஞ்சிக்கு இட்ட உப்புக்கும் வரி கொடுத்தான்.

1923-ல், சுமார் 82 ராத்தல் கொண்ட மணங்குக்கு ஒன்றேகால் ரூபாயாயிருந்த உப்பு வரி இரண்டரை ரூபாயாயிற்று. சட்டசபை மறுத்தும் வைஸ்ராய் ரீடிங் பிரபு தம் விசேஷ அதிகாரத்தால் அதை நிலைநாட்டினார். தனவான் ஏழையைக் காட்டிலும் பத்து மடங்கு உப்பு உண்பதில்லை. அவனுக்கு அவ்வரி கணக்கில் வாராத காசு. ஏழைக் குடும்பத்துக்கோ ஆண்டில் சில நாட் கூலி.

உப்பு வரி 1947-ல் ஒழிந்தது. 2017-ல் வந்த சரக்கு சேவை வரியிலும் உப்புக்கு விலக்கு உண்டு. ஆயினும் சமையலெண்ணெய்க்கும் சோப்புக்கும் வரி உண்டு. கூலியாளும் கோடீசுவரரும் அதை ஒரே விகிதத்தில் செலுத்துகின்றனர். வருமானத்துக்கேற்ப ஏறும் வரியைப் பெருக்கி, ஏழையின் அடுப்படிப் பொருள்மீதுள்ள வரியைக் குறைத்தலே நியாயம். தேச ஊழியர்கள் இதனை ஊர்தோறும் எடுத்துரைத்தல் வேண்டும் என்பது நமது கருத்து.