சுவருக்கு வந்த மயில்கழுத்து

கருநீலமும் பச்சையும் கலந்த, இன்று டீல் (teal) என்று சொல்லும் அடர்நிறம் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. ஜன்னல் கம்பிக்கும் மரக்கதவுக்கும் எனாமல் பெயிண்ட்டாக அது இருந்தது. கல்யாணப் புடவையில் மயில்கழுத்தாக இருந்தது. சுவருக்கு மட்டும் வரவில்லை. சுவர் என்றால் வெள்ளை.

பொங்கலுக்கு முன் கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பானையில் தாளித்து, ஆறியதும் வடிகட்டி, துளி நீலம் கரைத்து மட்டையால் அடிப்பார்கள். நிறம் வேண்டுமென்றால் மயில்துத்தம் கலக்கலாம். வெளிறிய நீலப்பச்சை கிடைக்கும். அதற்குமேல் ஆழம் போக முடியாது. சுண்ணாம்பே வெள்ளை. நிறப்பொடி கூடினால் பிடிப்பு விட்டு, சாய்ந்தவர் சட்டையில் ஒட்டிக்கொள்ளும். பிரஷ்யன் நீலமோ சுண்ணாம்பின் காரத்தில் கெட்டுப்போகும். காரத்துக்கு அசையாத தாலோசயனின் நீலம் 1935இல்தான் விற்பனைக்கு வந்தது. அதுவும் அதன் பச்சை வகையும்தான் இன்றைய டீல் நிறங்கள் பலவற்றுக்கு அடிப்படை.

ஆனால் நிறப்பொடியைவிடப் பெரிய தடை வெளிச்சம் என்றே நினைக்கிறேன். கூடத்துக்கு ஒரே ஒரு 40 வாட் குண்டு பல்பு. அதன் ஒளி ஏறக்குறைய 400 லூமென். சுண்ணாம்புச் சுவர் அதில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்தது. பிள்ளைகள் படித்தது பாதி அந்தச் சுவரின் வெளிச்சத்தில். அடர்ந்த டீல் நிறம் பத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தந்தாலே அதிகம். அன்று அப்படி ஒரு சுவர் அடித்திருந்தால் வீடு மாலையிலேயே இருண்டிருக்கும். இன்று 9 வாட் எல்இடி பல்பு ஒன்றே 900 லூமென் வரை தருகிறது. ஓர் அறைக்கு நான்கைந்து விளக்குகள். அடர்நிறத்துக்கு வழி திறந்தது இந்த மலிவான வெளிச்சம்தான்.

இப்போது கடையில் ஷேட் கார்டைக் காட்டினால் மெஷின் கலந்து தந்துவிடும். அடர்நிறங்களுக்கான பேஸில் வெள்ளை நிறமி மிகக் குறைவு. அதனால் அடியில் இருப்பதை மறைக்கும் சக்தியும் குறைவு. பட்டி பார்த்து, சாம்பல் நிறம் கலந்த ப்ரைமர் அடித்த பிறகு ஏற்றினால் இரண்டு கோட்டில் நிற்கும். வெள்ளை ப்ரைமர்மேல் அடித்தால் மூன்று, நான்கு என்று கோட்டிங் போய்க்கொண்டே இருக்கும்.

நம் ஊருக்கு இன்னொரு கவலையும் உண்டு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். எமல்ஷன் அவ்வளவு விடாது. மழைக்காலத்தில் சுவர் பொரிந்து உப்புப் பூத்தால் வெள்ளையில் கண்ணுக்குப் படாதது, டீல் சுவரில் வாசலிலிருந்தே தெரியும். ஆகவே பாத்ரூமை ஒட்டிய சுவரையும், மழைச்சாரல் வாங்கும் சுவரையும் விட்டுவிடுங்கள். கட்டில் தலைமாட்டுச் சுவர், அல்லது ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் ஒன்று போதும். தேக்கு அலமாரியும் பித்தளைக் குத்துவிளக்கும் அதன்முன் எவ்வளவு அழகாக எழுந்து நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். நான்கு சுவரும் அதே நிறமென்றால், பத்துக்குப் பத்து அறையில் அந்த அழகு மூச்சுமுட்டலாகிவிடுகிறது.

அன்று நிறம் பிடிக்காவிட்டால் அடுத்த பொங்கலில் மாறிவிடும். இன்று பெயிண்ட் செலவுக்குப் பயந்தே ஐந்தாறு வருடம் அதோடு வாழ வேண்டியிருக்கிறது. அதனால் சின்ன டப்பா வாங்கி, சுவரில் இரண்டடிச் சதுரம் அடித்து, காலை வெயிலிலும் இரவு விளக்கிலும் பாருங்கள். மஞ்சள் விளக்கில் பச்சை தூக்கும், வெள்ளை விளக்கில் நீலம் தூக்கும். எந்த விளக்கில் அந்த அறையை அதிகம் புழங்குவீர்களோ, அந்த வெளிச்சத்தில் பிடித்த ஷேடைச் சொல்லுங்கள்.