அசையாத திருகும் அவசரக் கையும்

கப்சாய் மோட்டார் சைக்கிளுக்கு வீட்டிலேயே எண்ணெய் மாற்றுவோர் நம்மில் பலர். இயந்திரத்தின் அடியிலுள்ள எண்ணெய்த் திருகு அசையாவிட்டால், ஸ்பேனர்மீது ஏறி மிதிப்பவர்களும் உண்டு. அங்கேதான் வினை! திருகு எஃகு, இயந்திரக் கூடோ மென்மையான அலுமினியம். திருகின் தலை மழுங்கினால் வேறு வாங்கலாம். கூட்டின் மரை அழிந்தால் வண்டி பட்டறைக்குப் போகும். அன்றைய வேலையும் கெடும்.

முதலில் இயந்திரத்தைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய 2 மடங்கு விரியும், பிடி தளரும். இளஞ்சூடு போதும், கொதிக்கும் எண்ணெய் கையைப் பொசுக்கிவிடும்.

பல ஹோண்டா கப்சாய்களில் திருகின் தலை 17 மில்லிமீட்டர். வாய் திறந்த ஸ்பேனர் வழுக்கும். ஆறு முகச் சாக்கெட்டே நல்லது. கீழே குனிந்து, திருகின் தலையை நேராகப் பார்த்தபடி, கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்புங்கள். மேலிருந்து பார்த்தால் திசை மாறி, இறுக்கிவிடுவோம். தலை முன்பே மழுங்கியிருந்தால் வைஸ் கிரிப்பால் கெட்டியாகப் பற்றித் திருப்பலாம்.

மீண்டும் மாட்டும்போது புது வாஷர் போட்டு, முதலில் விரலால் திருகி, பிறகு அளவாக இறுக்குங்கள். இன்று பலத்தைக் காட்டும் கைதான் நாளை திண்டாடும்!