தூங்கத் தெரியாத மாங்கொட்டை

மாம்பழம் சாப்பிட்டதும் கொட்டையைக் கழுவி, வெயிலில் மொடமொடவென்று காயவைத்து, ‘அடுத்த வருஷம் நடலாம்’ என்று டப்பாவில் போட்டு வைக்கிறீர்கள். அடுத்த வருஷம் நட்டால்? முளைக்கவே முளைக்காது. அதே டப்பாவில் கிடந்த புளியங்கொட்டையோ முளைத்துவிடும்.

விதைக்குள் இருப்பது உயிருள்ள குட்டிச் செடி. புளி, வாகை, கொன்றை விதைகள் முற்றும்போதே தம் ஈரத்தில் பெரும்பகுதியை இழந்துவிடுகின்றன. ஈரம் போனதும் உள்ளே நடக்கும் வேலைகள் ஏறக்குறைய நின்றுவிடும். சேர்த்து வைத்த உணவும் செலவாகாது. நல்ல தூக்கம்!

மா, பலா, நாவல் விதைகளுக்கு அப்படித் தூங்கத் தெரியாது. காய்ந்தால் அவற்றின் செல்கள் சிதைந்து, விதை செத்துப்போகும். பலாச்சுளையைப் பிரிக்கும்போது சில சமயம் கொட்டை உள்ளேயே முளைவிட்டிருக்குமே, பார்த்ததுண்டா? அவ்வளவு அவசரம் அதற்கு. வேப்பங்கொட்டையையும் ரொம்ப நாள் வைத்திருக்க முடியாது. ஆடியில் பழம் உதிரும்போது பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, ஓரிரு வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும்.

தூக்கத்தில் பேரீச்சைதான் பெரிய ஆள். இஸ்ரேலில் மசாடா என்ற பழைய கோட்டையை 1960-களில் தோண்டியபோது பேரீச்சங்கொட்டைகள் கிடைத்தன. அவற்றில் சிலவற்றை 2005-இல் நட்டுப் பார்த்தார்கள். ஒன்று முளைத்தது! அந்தக் கொட்டைக்கு வயது சுமார் 2000 ஆண்டு. அந்த இடத்தின் வறட்சிதான் அதைக் காப்பாற்றியிருக்க வேண்டும். மெதுசெலா என்று பெயர் வைத்தார்கள். ஆண் மரம் என்பதால் அது காய்க்காது, பாவம்.

சில விதைகளைத் தூக்கத்திலிருந்து எழுப்புவதே பெரும்பாடு. சரக்கொன்றை விதையின் தோல் தண்ணீரை உள்ளே விடாது. காட்டில் நரியும் கரடியும் அதன் பழத்தைத் தின்று விதையை வெளியேற்றும். வீட்டில் நமக்கு உப்புத்தாள் போதும். விதையின் ஓரத்தை லேசாகத் தேய்த்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் உப்பியிருக்கும் விதைகளை நடலாம். உப்பாதவற்றை இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும்.

மாங்கொட்டைக்கு இந்த வம்பே இல்லை. பழம் தின்ற ஓரிரு நாளில் நார் போகக் கழுவி, பெரியவர்களிடம் கொடுத்து ஓட்டின் விளிம்பைப் பிளந்து தரச் சொல்லுங்கள். உள்ளிருக்கும் பருப்பை, வளைந்த முதுகு மேலே தெரியும்படி தொட்டியில் வைத்து, மெல்ல மண் மூடி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில வாரங்களில் செம்பு நிறத் தளிர் எட்டிப்பார்க்கும்.

ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று செடிகள் வந்தால் திகைக்க வேண்டாம். சில மா வகைகளில் அப்படித்தான். அவற்றுள் பெரும்பாலானவை தாய் மரத்தின் அச்சு அசலான நகல்கள். ஒரு கொட்டைக்கு ஒரே செடி வரும் வகைகளில் பழத்தின் ருசி மாறிவிடலாம். அதனால்தான் நர்சரியில் ஒட்டுக்கன்று விற்கிறார்கள். மூன்று செடி வந்தால், கொஞ்சம் வளர்ந்ததும் வேர் அறுபடாமல் பிரித்து மூன்று தொட்டியில் வையுங்கள்.