சானட் கிரிக்கெட் கிளப்: மறக்க முடியாத ஆட்டங்கள்

டெல்லியின் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு மேற்கே சில கிலோமீட்டரில், தௌலா குவானில் உள்ளது ஸ்ரீ வெங்கடேஸ்வரா கல்லூரி. அதன் மைதானத்தில் பல ஆண்டுகள் பயிற்சி நடத்தியது சானட் கிளப். பயிற்சியாளர் தாரக் சின்ஹா 1969-இல் தொடங்கிய இக்கிளப்பில், வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளும் மட்டை பிடித்தனர்.

இங்கு வளர்ந்த சுரிந்தர் கன்னா, 1984-இல் ஷார்ஜாவில் நடந்த முதல் ஆசியக் கோப்பையின் தொடர் நாயகன்.

2003 பிப்ரவரி 26 அன்று டர்பனில், உலகக் கோப்பை ஆட்டம். வீங்கிய கணுக்காலோடு வந்த சானட் வீரர் ஆஷிஷ் நெஹ்ரா, 10 ஓவர்களில் 23 ரன் கொடுத்து 6 விக்கெட் வீழ்த்தினார். இங்கிலாந்து 168 ரன்னில் சுருண்டது. இந்தியாவுக்கு 82 ரன் வெற்றி. வேகமும் துல்லியமும் கடைசிப் பந்துவரை குறையாத அந்தப் பந்துவீச்சே சானட் வீரர்களின் ஆட்டங்களுள் தலைசிறந்தது.

2013-இல் மொஹாலியில், தன் முதல் டெஸ்டிலேயே சானட்டின் ஷிகர் தவன் 85 பந்துகளில் சதம் கண்டு, 187 ரன் குவித்தார். 2021 ஜனவரி 19 அன்று பிரிஸ்பேனில் இதே கிளப்பின் ரிஷப் பந்த் ஆட்டமிழக்காமல் எடுத்த 89 ரன், இந்தியாவுக்குத் தொடரையே வென்று தந்தது.

துரோணாச்சாரியார் விருது பெற்ற சின்ஹா 2021 நவம்பரில் காலமானார்.