மாடித் தோட்டமும் நந்தனம் கோழியும்

தென்சென்னையில் வீட்டுத் தோட்டம் போடுவோர் அனைவருக்கும் ஒரே மண் வாய்ப்பதில்லை. அடையாறும் பெசன்ட் நகரும் கடலோர மணற்பாங்கான நிலத்தில் அமைந்தவை. ஊற்றிய நீர் உடனே கீழிறங்கிவிடும் என்பதால், அங்கே எருவும் மூடாக்கும் (அதாவது செடியைச் சுற்றி மண்ணில் வெயில் படாதபடி பரப்பப்படும் சருகும் வைக்கோலும்) இல்லாமல் கத்தரிச் செடி கூடத் தேறுவது கடினம். தியாகராய நகரோ 1920களில் நீண்ட ஏரி எனப்பட்ட பெரிய நீர்நிலையின் படுகையில் உருவாக்கப்பட்ட குடியிருப்பு. அங்குள்ள களிமண் ஐப்பசி, கார்த்திகை மழையில் நீரை வடியவிடாமல் தேக்கி, வேரழுகலை உண்டாக்கும். மயிலாப்பூரின் பழைய வீடுகளில் கிணற்றடியும் கொல்லையும் இருந்தவரை, குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் ஓடும் வழியில் வாழையும் கறிவேப்பிலையும் முருங்கையும் தாமாகவே வளர்ந்துகொண்டிருந்தன. தனி வீடுகள் அடுக்ககங்களான பிறகு கொல்லை கார் நிறுத்துமிடமாக, தோட்டம் மொட்டை மாடிக்கு ஏறியது.

இந்த மாற்றத்தை அரசும் கவனித்தது. 2013-14ஆம் ஆண்டில் தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை, 'நீங்களே செய்து பாருங்கள்' என்னும் பெயரில் மாடித்தோட்டத் தளைகளை முதலில் சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் வழங்கத் தொடங்கியது. தளை என்பது ஒரு தோட்டத்துக்கு வேண்டிய பொருள்களின் தொகுப்பு. 2021-22இல் வழங்கப்பட்ட தளையில் 6 செடி வளர்ப்புப் பைகள், ஒவ்வொன்றும் 2 கிலோ எடையுள்ள 6 தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், 6 வகைக் காய்கறி விதைகள், உயிர் உரங்கள், வேப்பம் பூச்சிக்கொல்லி, கையேடு ஆகியவை இருந்தன. 900 ரூபாய் மதிப்புள்ள அது 225 ரூபாய்க்குக் கொடுக்கப்பட்டது. மண்ணே இல்லாத ஒரு வீட்டுக்குத் தோட்டத்தை மாடிப்படி வழியாகத் தூக்கிச் செல்லக் கூடியதாக ஆக்கியது இத்திட்டத்தின் நற்பயன். ஆனால் பையும் நார்க்கழிவும் சில பருவங்களுக்கு உழைக்க, விதையோ ஒரே விதைப்போடு தீர்ந்துவிடுகிறது. அடுத்த விதைப்புக்கு வீட்டார் மீண்டும் கடைக்குப் போகிறார்கள். நகரத் தோட்டத்தின் பலவீனமான கண்ணி இதுவே.

விதையைக் கடையில் வாங்குவது தவறன்று. வாங்கிய விதை எவ்வகையைச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி. வீரிய ஒட்டு விதை என்பது இரண்டு வேறுபட்ட பெற்றோர் வரிசைகளைச் சேர்த்து உண்டாக்கிய முதல் தலைமுறை விதை. அது நன்றாகக் காய்த்தாலும், அதன் காயிலிருந்து எடுத்த விதை தாயைப் போலவே காய்க்கும் என்பதற்கு உறுதியில்லை. நாட்டு ரகங்களும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட, ஒட்டு அல்லாத ரகங்களும் அப்படியல்ல. அவற்றின் விதையை ஆண்டுதோறும் எடுத்து விதைக்கலாம். இதிலும் பயிருக்குப் பயிர் வேறுபாடு உண்டு. தக்காளி, அவரை, காராமணி ஆகியவற்றில் ஒரு பூவின் மகரந்தமே அப்பூவைச் சூல்கொள்ளச் செய்துவிடுவதால் அவை பெரும்பாலும் கலப்பதில்லை. வெண்டை ஓரளவு கலக்கும். பரங்கி, சுரை, பீர்க்கு, புடல், பாகல் முதலிய கொடிகளிலோ ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே இருப்பதால், தேனீயோ அந்துப்பூச்சியோ எந்த மாடியிலிருந்து மகரந்தம் கொண்டுவந்தது என்பதைக் கொடிக்கு உரியவர் அறிய வழியில்லை. பாகற்கொடிக்குப் பக்கத்தில் படர்ந்த சுரைக்காய் கசந்துவிடும் என்று பலர் நம்புவது பிழை. இரண்டும் வெவ்வேறு இனம், அவற்றுக்குள் கலப்பு நிகழாது. சுரையும் சுரையும் கலக்கும். கசப்பான காட்டுச் சுரையோடு கலந்த விதையிலிருந்து வரும் காயில் குக்கர்பிட்டாசின் என்னும் நச்சுப்பொருள் மிகுந்திருக்கக்கூடும். கசக்கும் சுரைக்காயின் சாற்றைக் குடித்து உயிரிழந்தோர் இந்தியாவில் உண்டு என்பதால், கசப்பு தெரிந்தால் காயையே எறிந்துவிட வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த வல்லுநர் குழு அறிவுறுத்தியது. விதை கைமாறும்போது அதன் வரலாறும் சேர்ந்து கைமாற வேண்டியதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

கலப்பைத் தடுக்க விதை உற்பத்தியாளர் பயிர் விலகு தூரத்தை, அதாவது ஒரே பயிரின் இரு ரகங்களுக்கு இடையே விட வேண்டிய இடைவெளியை, கடைப்பிடிப்பர். கொடிக்காய்களுக்கு அது நூற்றுக்கணக்கான மீட்டர். மாடித் தோட்டத்தில் அது நடவாத காரியம் என்பதால் அங்கே நூலே வேலியாகிறது. பரங்கியில் மறுநாள் விடியலில் விரியவிருக்கும் பெண் மொட்டு, காம்புக்கு மேலே சிறு பிஞ்சோடு இருப்பதால் எளிதில் அடையாளம் தெரியும். அதன் இதழ் நுனியையும், அருகில் உள்ள ஆண் மொட்டு ஒன்றின் நுனியையும் முந்தின மாலையே நூலால் கட்டிவிட வேண்டும். விடிந்ததும் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளி எறிந்து, நடுத்தண்டில் படிந்திருக்கும் மஞ்சள் தூளைப் பெண் பூவின் சூல்முடியில் மெதுவாகத் தேய்த்து, பூச்சி நுழையாதபடி பெண் பூவை மறுபடியும் கட்டி, எந்தக் காய் விதைக்கானது என்று தெரியக் காம்பில் ஒரு வண்ண நூலைச் சுற்றினால் வேலை முடிந்தது. பீர்க்கும் சுரையும் மாலையில் பூப்பவை. அவற்றுக்கு இதே வேலையை அந்தி நேரத்தில் செய்ய வேண்டும்.

எடுத்த விதையைக் காப்பதுதான் கடலோர நகரில் பெரும்பாடு. விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது விதையியலார் கூறும் பொதுக் கணக்கு. சென்னைக் காற்றின் ஈரமோ ஆண்டின் பெரும்பகுதியில் இதற்கு எதிராகவே வேலை செய்கிறது. கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டி வைத்ததும், பீர்க்கை முற்றவிட்டுக் கூட்டோடு தொங்கவிட்டதும் இந்த ஈரத்தை அறிந்தோர் கண்ட வழிகள். நிழலில் நன்கு உலர்த்திய விதையை இறுக மூடிய கண்ணாடிப் புட்டியில் இட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைப்பது இன்றைய வீட்டுக்கு ஏற்றது.

இவ்வளவு செய்தும், ஒரு மாடி தனியாக ஒரு ரகத்தைக் காத்துவிட முடியாது. 2 கொடிகளிலிருந்து ஆண்டாண்டாக விதை எடுத்தால் அந்த ரகத்தின் மரபு வளம் குறுகும். ஒரு புயலோ, ஒரு மாத வெளியூர்ப் பயணமோ போதும், இருந்ததும் போய்விடும். ஆகவே விதைப் பகிர்வு என்பது அக்கம்பக்கத்து நல்லுறவுக்கான மரியாதைச் செயல் மட்டுமன்று. சிறு தோட்டங்களுக்கு அது தொழில்நுட்பத் தேவை. ஒரு தெருவில் ஒரு வீட்டார் பரங்கியையும் இன்னொரு வீட்டார் சுரையையும் மூன்றாமவர் வெண்டையையும் விதைக்காகப் பொறுப்பேற்று, ஆடிப்பட்டத்துக்கு முன் பங்கிட்டுக்கொண்டால், விலகு தூரத்தின் சிக்கலும் பாதி தீர்கிறது. இதற்கு முன்மாதிரி தமிழகத்திலேயே இருக்கிறது: திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் ஜெயராமன் நடத்திவந்த நெல் திருவிழாவில், பாரம்பரிய நெல் விதை 2 கிலோ பெற்றுச்செல்லும் உழவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதே விதி. விலை இல்லை, ஆனால் கடன் உண்டு. இலவசமாகக் கொடுப்பதைவிட இது சிறந்த ஏற்பாடு, ஏனெனில் வாங்கியவர் விதைத்தே ஆக வேண்டும். அடையாற்றை ஒட்டிய கோட்டூர்புரத்தில் இயங்கிவரும் இந்திய அறிவு முறைகள் மையமும் நெடுங்காலமாகப் பாரம்பரிய விதைகளைக் காத்து உழவரிடம் பரப்பிவருகிறது. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் உழவருக்கு உள்ள உரிமையை வெளிப்படையாகவே ஏற்கிறது.

தோட்டத்தில் விளைவது அனைத்தும் சமையலறைக்குப் போவதில்லை. முற்றிய கீரை, பூச்சி கடித்த வெண்டை, விதை எடுத்தபின் மிஞ்சும் பரங்கிச் சதை ஆகியவற்றுக்கு உரக்குழியைவிடச் சிறந்த இடம் கோழியின் வயிறு. மயிலாப்பூரின் சைவ வீடுகளில் இந்த எச்சம் பசுவுக்கே போனது; அமாவாசையன்று பசுவுக்கு அகத்திக்கீரை கொடுக்கும் வழக்கம் இன்றும் மறையவில்லை. ஆனால் கோழி வளர்ப்பு இப்பகுதிக்கு அந்நியமானதன்று. தியாகராய நகரை ஒட்டிய நந்தனத்தில்தான் கோழியின ஆராய்ச்சி நிலையம் இருந்தது. புறக்கடை வளர்ப்புக்கென, அதாவது வீட்டுக் கொல்லையில் மேயவிட்டு வளர்ப்பதற்கென, அங்கே உருவாக்கப்பட்ட இனம் 'நந்தனம் கோழி-1' என்றே வழங்குகிறது. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்நிலையம் பின்னாளில் மாதவரத்துக்கு மாறிவிட்டாலும், ஊர்ப்பெயரைக் கோழி இன்னும் சுமக்கிறது.

முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 முதல் 120 கிராம் தீவனம் உண்ணும். நார்ச்சத்தைச் செரிக்கும் ஆற்றல் அதற்குக் குறைவு என்பதால், கீரை துணைத் தீவனமே தவிர முழுத் தீவனம் ஆகாது. தானியமும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் தனியே வேண்டும். முருங்கை இலை, அகத்தி, அசோலா எனும் நீர்ப்பெரணி ஆகியவை புரதம் மிக்கவை. மஞ்சள் கருவின் நிறம் முழுவதும் தீவனத்திலிருந்தே வருகிறது. கீரை தின்ற கோழியின் முட்டைக் கரு ஆழ்ந்த நிறம் கொள்வது அதனால்தான். கீரையைத் தரையில் கொட்டினால் பாதி மிதிபட்டு வீணாகும். கட்டாகக் கட்டிக் கோழியின் தலை உயரத்தில் தொங்கவிட்டால் இலையை மட்டும் கொத்தித் தின்னும். தக்காளிச் செடியின் இலை, பச்சை படர்ந்த உருளைக்கிழங்கு, வேகாத உலர்ந்த பீன்ஸ் கொட்டை, அவகாடோ, அரளி ஆகியவை கோழிக்கு நஞ்சு. மருந்து தெளித்த இலையையும் கொடுக்கலாகாது. கோழி எரு மிகச் சூடானது. மட்கவிடாமல் தொட்டியில் இட்டால் வேர் கருகும்.

அடுக்ககத்தில் கோழி வளர்ப்பது பெரும்பாலும் பொருந்தாத ஆசை. ஆனால் கொல்லை எஞ்சியிருக்கும் தனி வீடு ஒன்றில் 4 கோழிகள் இருந்தால் பக்கத்து மாடிகளின் கீரைக்கழிவு அங்கே செல்லலாம், மட்கிய எரு திரும்பி வரலாம். முட்டைக்குச் சேவல் தேவையில்லை. சேவல் இல்லாவிட்டால் விடியற்காலைக் கூவலும் அக்கம்பக்கத்தார் புகாரும் இல்லை. வெள்ளைக் கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி போடாமல் மட்டும் கோழி வளர்க்கக் கூடாது. கால்நடைப் பராமரிப்புத் துறை இதற்கென ஆண்டுதோறும் இலவச முகாம் நடத்துகிறது. வரும் ஆடிக்கு விதை வேண்டுவோர், தைப்பட்டத்துக் கொடியில் கையால் மகரந்தம் சேர்த்த நல்ல காய் ஒன்றை நூல் சுற்றிப் பறிக்காமல் விட்டுவிடட்டும். விதை எடுத்த பின் சதை கோழிக்கு.