கலைத்தலிலும் நீதம் வேண்டும்

பிள்ளைகளுக்கு உகந்த பாடக் காணொளிகள் இருநூற்றைத் தேர்ந்தெடுத்து, யூடியூபில் ஒரு பட்டியலாக வைத்திருக்கிறார் ஒரு தாய். வரிசையாகப் பார்த்தால் முதல் இருபதே மனப்பாடமாகும். பின்னுள்ளவை கண்ணிலேயே படா. எனவே ‘ஷஃபிள்’ என்னும் கலைக்கும் பொத்தானை அழுத்துகிறார். சிறிது நேரத்தில், “உம்மா, சற்று முன் பார்த்ததே மீண்டும் வருகிறதே!” என்கிறான் மகன்.

இயந்திரம் ஓரவஞ்சனை செய்கிறதா? அல்லது நாம்தான் அவ்வாறு எண்ணிக்கொள்கிறோமா?

இக்குறையைத் தீர்க்கவே, கணினி பயின்ற ஆர்வலர்கள் சிலர் ஓய்வு நேரத்தில் தாமே சிறிய இணையச் செயலிகளை எழுதிக்கொள்கின்றனர். பட்டியலைப் பெற்று, கலைத்து, ஒவ்வொன்றாகத் திரையில் ஓடவிடுவதே அவற்றின் பணி. யூடியூபிடம் பட்டியலைக் கேட்டால், ஒரு தடவைக்கு அதிக அளவாக 50 காணொளிகளின் விவரமே கிட்டும். இருநூறுக்கு நான்கு முறை கேட்க வேண்டும். சோம்பல்பட்டு முதல் ஐம்பதை மட்டும் கலைத்தால், எஞ்சிய நூற்றைம்பதுக்கும் வாய்ப்பே இல்லை.

கலைப்பது எவ்வாறு?

குவியலிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, அதே குவியலில் மீண்டும் போட்டுவிடுவது ஒரு முறை. பத்துக் காணொளிகளில் இவ்வாறு பத்து முறை எடுத்தால், சில இருமுறை வரும். சராசரியாக மூன்றோ நான்கோ ஒரு முறையேனும் வாராமற்போகும். அச்சிறுவனின் முறையீடு இத்தகையதே.

முறையான வழியை 1938இல் ரொனால்ட் ஃபிஷர், ஃபிராங்க் யேட்ஸ் எனும் ஆங்கிலேயப் புள்ளியியல் அறிஞர்கள் தம் அட்டவணை நூலில் காட்டினர். வேளாண்மை, உயிரியல், மருத்துவ ஆய்வாளர்களுக்காக எழுதப்பெற்ற நூல் அது. எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை ஆய்வாளரின் விருப்பத்திற்கு விட்டால், அவரறியாமலே பாரபட்சம் நுழைந்துவிடும் அன்றோ? 1964இல் ரிச்சர்ட் டர்ஸ்டென்ஃபெல்ட் அம்முறையைக் கணினிக்கு ஏற்றவாறு அமைத்தார். அனைத்திலிருந்தும் குருட்டுவாக்கில் ஒன்றை எடுத்துக் கடைசி இடத்தில் வைக்க வேண்டும். அங்கிருந்தது அதன் இடத்திற்கு வரும். கடைசி இடம் முடிந்தது. இனி அதைத் தொடலாகாது. எஞ்சியவற்றிலிருந்து அதற்கு முந்தைய இடத்தை நிரப்ப வேண்டும். இவ்வாறே முதல் இடம் வரை.

‘இனித் தொடலாகாது’ என்பதை மறந்தால் என்னவாகும்? மூன்று காணொளிகளை அடுக்கும் விதங்கள் ஆறு. ஒவ்வோர் இடத்திற்கும் மூன்றிலிருந்துமே எடுத்தால் 27 வழிகள் உண்டாகும். இருபத்தேழை ஆறுக்குச் சமமாகப் பங்கிட இயலாது. ஆகவே மூன்று வரிசைகளுக்கு ஐந்து வாய்ப்பும், மூன்றுக்கு நான்கு வாய்ப்பும் கிடைக்கும். செயலி தடையின்றி ஓடும். திரையில் குறை ஏதும் தெரியாது. ஆயினும் அநீதி உள்ளே அமர்ந்திருக்கும்.

நீதமே குறையாகத் தோன்றும்போது

செம்மையாகக் கலைத்தாலும் முறையீடு நிற்பதில்லை. பத்தில் இரண்டு ஒரே ஆசிரியருடையவை எனில், அவ்விரண்டும் அடுத்தடுத்து வர ஐந்தில் ஒரு வாய்ப்புண்டு. வந்தவுடன், “சரியாகக் கலைக்கவில்லை” என்கிறோம்! இதற்காகவே 2005இல் ஆப்பிள் நிறுவனம், ஒரே பாடகரின் பாடல்கள் தொடர்ந்து வருவதைக் குறைத்துக்கொள்ளும் வசதியைத் தன் ஐட்யூன்ஸில் சேர்த்தது. ஒருவரின் பாடல்களை இடைவெளிவிட்டுப் பரப்பும் தன் முறையை ஸ்பாட்டிஃபை 2014இல் விளக்கியது. மக்கள் விரும்பியது சமவாய்ப்பை அன்று, கலந்தாற்போன்ற தோற்றத்தையே.

இன்று கலைத்ததை நாளை மறுபடி கலைத்தால் பார்த்தவையே முன்வரக்கூடும். கலைத்த வரிசையைச் சேமித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால், இருநூறும் ஒருமுறை வந்தேதீரும்.

சீட்டுக் குலுக்கிப் பங்கு பிரிக்கும் வீடுகளுக்கும் இதில் பாடமுண்டு. விழுந்த சீட்டைப் பார்த்து மனம் வெதும்புவதில் பயனில்லை. எல்லார் பெயரும் குடத்தில் இடப்பட்டதா, எடுத்த சீட்டு மீண்டும் உள்ளே போகாமல் இருந்ததா என்பதையே நாம் கேட்க வேண்டும். இவை செம்மையாயின், வந்த முடிவை ஏற்பதே நேர்மை.