களவு போன கைத்தொலைபேசி

பொருளைப் பறிகொடுத்தவர் முதலில் எண்ணிப் பார்ப்பது அப்பொருளின் விலையையே. குடையோ கைக்கடிகாரமோ தொலைந்தால் அக்கணக்குச் சரியானதே. இழப்பு அத்துடன் முடிந்துவிடுகிறது. கைத்தொலைபேசி அத்தகைய பொருள் அன்று. வங்கிக் கணக்கு, அடையாளச் சான்று, உற்றார் உறவினரோடு பேசிய பேச்சு ஆகிய அனைத்திற்கும் அது திறவுகோலாக அமைந்துவிட்டது. ஆதலின், தொலைந்த கருவியைத் தேடி அலையுமுன் அத்திறவுகோலைச் செல்லாததாக்க வேண்டும். அதற்குக் கிடைக்கும் காலமோ மிகக் குறுகியது. ஆகவே எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்பதை முன்னரே அறிந்திருத்தல் நன்று.

இரு வேறு பொருள்கள்

ஒரே பெயரால் வழங்கினும், கைத்தொலைபேசியில் அடங்கியவை இரண்டு. ஒன்று கருவி, மற்றொன்று சிம் அட்டை. கருவிக்குரிய அடையாளம் ஐஎம்இஐ எனப்படும் 15 இலக்க எண்ணாகும். அதன் முதல் 8 இலக்கங்கள் கருவியின் வகையையும், அடுத்த 6 இலக்கங்கள் அதன் வரிசை எண்ணையும் குறிக்கும். இறுதி இலக்கம், எண் பிழையின்றி எழுதப்பட்டுள்ளதா எனச் சரிபார்ப்பதற்கு உரியது. *#06# என்று அழுத்தினால் இவ்வெண் திரையில் தோன்றும்.

வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணோ சிம் அட்டையைச் சார்ந்தது. 1991ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மியூனிக் நகரத்து நிறுவனம் ஒன்று முதல் சிம் அட்டைகளைச் செய்து, பின்லாந்து நாட்டின் ரேடியோலின்யா நிறுவனத்திற்கு வழங்கியது. ஒரு கருவியிலிருந்து எடுத்து மற்றொரு கருவியில் பொருத்திக்கொள்ளலாம் என்பதே அவ்வட்டையின் சிறப்பு. களவு போன வேளையில் அச்சிறப்பே தீங்காக மாறிவிடுகிறது.

எங்ஙனமெனில், திருடன் பூட்டிய கருவியைத் திறக்க வேண்டியதே இல்லை. அட்டையைக் கழற்றித் தன் கருவியில் இட்டால், உடையவருக்கு வரும் அழைப்புகளும் குறுஞ்செய்திகளும் அவனைச் சேரும். குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கொண்டு வாட்ஸ்அப் கணக்கைத் தனதாக்கிக்கொள்ள முயலலாம். "அவசரம், பணம் அனுப்புங்கள்" என்று அண்ணனுக்கும் அத்தைக்கும் செய்தி விடுக்கலாம். குறுஞ்செய்திக் கடவுச்சொல்லை நம்பியிருப்பதன் இடர்களைக் கருதியே, 2022 செப்டம்பரில் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா, வேறு பாதுகாப்பான முறைகளுக்கு மாறுமாறு வங்கிகளைப் பணித்தது. கருவிக்குள்ளேயே பதிந்துள்ள இ-சிம்மைக் கழற்றி எடுக்க இயலாது; அதனை உடையோருக்கு இவ்வச்சம் குறைவு.

செய்ய வேண்டுவன

முதலாவது, அருகிலிருப்பவரின் கருவியை இரவல் பெற்று, தொலைந்ததைத் தொலைவிலிருந்து பூட்டுதல். ஆப்பிள் கருவிகளுக்கு ஃபைண்ட் மை என்னும் சேவையும், ஆண்டிராய்டு கருவிகளுக்குக் கூகிளின் ஃபைண்ட் ஹப் என்னும் சேவையும் இதற்கென உள்ளன. இங்கே ஓர் இடையூறு எழுவதுண்டு. கணக்கினுள் நுழைவதற்கான குறியெண் தொலைந்த கருவிக்கே சென்றுவிடும்! ஆப்பிள் இணையப் பக்கத்தில் கருவியைத் தேடும் பகுதிக்கு மட்டும் அக்குறியெண் தேவைப்படாது. கூகிள் கணக்கு உடையோர், அந்நிறுவனம் தரும் பத்து மாற்றுக் குறியெண்களை முன்னரே தாளில் எழுதி வைத்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது, தொலைபேசி நிறுவனத்தை அழைத்துச் சிம் அட்டையை நிறுத்துதல். இதனை முதலில் செய்தாலென்ன என்று கேட்கலாம். அட்டை நிறுத்தப்பட்டதும் கருவி இணையத் தொடர்பை இழக்கும். பூட்டுமாறு அனுப்பிய கட்டளை அதனைச் சென்றடையாது. அதற்காக நெடுநேரம் காத்திருத்தலும் கூடாது. கட்டளையை அனுப்பிவிட்டால் அது நிலுவையில் நின்று, கருவி மறுபடி இணையத்தைத் தொடும்போது நிறைவேறும். எனவே சில நிமிடங்கள் முயன்று, பூட்டினாலும் பூட்டாவிட்டாலும், உடனே அட்டையை நிறுத்திவிட வேண்டும்.

மூன்றாவது, வங்கிக்குத் தெரிவித்தல். சிங்கப்பூர் வங்கிகள், வாடிக்கையாளரே தம் கணக்கை உடனடியாக முடக்கும் வசதியை 2022ஆம் ஆண்டு முதல் அளித்து வருகின்றன. மலேசியாவில் பணம் மோசடியாக எடுக்கப்பட்டிருப்பின், வங்கியின் அவசர எண்ணையோ 997 என்னும் எண்ணையோ தாமதமின்றி அழைக்க வேண்டும்.

நான்காவது, காவல் நிலையத்தில் ஐஎம்இஐ எண்ணுடன் புகார் செய்தல். அவ்வெண்ணைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தால், அப்பட்டியலை ஏற்கும் நிறுவனங்களின் சேவை அக்கருவிக்குக் கிட்டாது. புதிய சிம் அட்டையை இட்டும் பயனில்லை. பட்டியலைப் பகிர்ந்துகொள்ளாத நாட்டிற்குக் கருவி கடத்தப்பட்டால் இத்தடை செல்லாது என்பதும் உண்மையே. வரைபடத்தில் கருவி இருக்குமிடம் தெரிந்தாலும் தனியாக அங்குச் செல்லலாகாது. காவலரிடமே அதனைக் காட்ட வேண்டும். கண்டெடுத்தவனுக்கே பொருள் சொந்தம் என்னும் எண்ணமும் பிழை. பிறர் பொருளை நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்வது மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இரு நாடுகளிலும் குற்றவியல் சட்டத்தின் 403ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

பின்னர் வரும் தூண்டில்

சில நாட்கள் கழித்து, "உங்கள் கருவி கிடைத்துவிட்டது, இருக்குமிடம் அறிய இங்கே அழுத்துக" என்று ஒரு செய்தி வரக்கூடும். இழந்தவரின் ஆவலே இங்கு இரையாகிறது. 2013ஆம் ஆண்டு முதல் ஆப்பிள் கருவிகளில் உள்ள பூட்டு, கருவியிலுள்ள அனைத்தையும் அழித்தாலும் உடையவரின் மறைசொல் இன்றித் திறவாது. உதிரிப் பாகங்களாகப் பிரித்தாலன்றி அக்கருவியால் திருடனுக்குப் பயன் சொற்பமே. ஆகையால் போலிப் பக்கம் ஒன்றில் மறைசொல்லை எழுத வைப்பதே அவன் நோக்கம். எத்தகைய வேண்டுகோள் வரினும் மறைசொல்லைத் தருதலும், தம் கணக்கிலிருந்து அக்கருவியின் பெயரை நீக்குதலும் ஆகா.

வருமுன் காத்தல்

வெள்ளம் வருமுன் அணை போடுவதே முறை. சிம் அட்டைக்கெனத் தனிக் குறியெண் ஒன்றை அமைக்கலாம். அதனை மூன்று முறை தவறாக இட்டால் அட்டை பூட்டிக்கொள்ளும். பின்னர் நிறுவனம் தரும் 8 இலக்க எண் இன்றி அது திறவாது. அட்டையோடு நிறுவனம் தந்த முதற்குறியெண்ணை அறிந்துகொண்ட பின்னரே இதனைச் செய்தல் வேண்டும்; இன்றேல் உடையவரே பூட்டிக்கொள்ள நேரும். படங்களுக்கு வேறோரிடத்தில் படி இருத்தலும் இன்றியமையாதது. கருவியை மறுபடி வாங்கிவிடலாம். மறைந்த தாயாரின் குரற்பதிவை எக்கடையிலும் வாங்க இயலாது.

கம்பித் தொலைபேசிக் காலத்தில் வீட்டுச் சிறுவரும் ஐந்தாறு எண்களை மனப்பாடமாகச் சொல்வர். இன்று பலருக்கு மனைவியின் எண்ணோ மகனின் எண்ணோ நினைவில் இல்லை. இரவல் கருவி கையில் கிடைத்தும் யாரை அழைப்பது என்று தெரியாமல் திகைக்கின்றனர். ஐஎம்இஐ எண், மாற்றுக் குறியெண்கள், வங்கி, தொலைபேசி நிறுவனம் ஆகியவற்றின் அவசர எண்கள் என இவற்றைத் தாளில் எழுதி வீட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு, நெருங்கிய ஒருவரின் எண்ணையேனும் மனத்தில் இருத்திக்கொள்வது அனைவருக்கும் எளிதே.